மச்சான் ஊட்டு நம்பர்

தம்பி, அந்தப் பைய மட்டும் செத்த இக்கட்டால நகத்தி வெச்சுக்குங்க. இல்லீங்க, எடமெல்லாம் போதும், நான் ஒக்காந்துக்குவேன். இந்தத் தூக்குப்போசி மேல பட்டுறக் கூடாது, அதுக்குத்தான் சொன்னேன். மூடி கொஞ்சம் லூசு. டிரைவர் வேற புதுசு போல, ஒவ்வொரு வேகத்தடையிலயும் நம்மளத் தூக்கிப் போட்டுப் புடிக்கறாரு. நீங்க ஆனைமலை வரைக்குமுங்களா? நான் அதுக்கும் அக்கட்டால, கரட்டூரு. கடைசி ஸ்டாப்பு.

பைக்குள்ள கம்ப்யூட்டருங்களா? பாத்ததுமே நெனச்சேன். நானும் அந்த லைன்தானுங்க. வேட்டியப் பாக்காதீங்க. பொள்ளாச்சில ராக்கியண்ணன் கேட்டரிங்னு கல்யாணச் சமையல் காண்ட்ராக்டு எடுக்கறாங்கள்ல, அங்க நான் மேனேஜரு. பேரு நாச்சிமுத்து. நெம்ப வருசமா எலை, தண்ணி, பந்தின்னு பாத்துட்டிருந்தேன். இப்ப அதோட சேத்து க்ளவுடு டேட்டாபேஸ் சர்வரு, அதோட பாதுகாப்பு, ரெண்டும் நான்தான்.

அந்தப் பொறுப்பு எனக்கு எப்படி வந்துச்சுன்னா, நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து எங்க கம்பெனில ஒரு கரண்டி காணாமப் போனதில்லீங்க. எந்த மண்டபத்துக்குப் போனாலும் போன பாத்திரம் போன மாதிரியே திரும்பி வரும். அதப் பாத்துட்டுத்தான் முதலாளி, 'பாதுகாப்புன்னா நாச்சிமுத்து கிட்டக் குடுத்துருங்க'ன்னுட்டாரு. கரண்டியப் பாத்துக்கறவனுக்கு சர்வர் எம்மாத்திரங்க. அது இருந்த எடத்துலயே இருக்கப் போகுது.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆகலீங்களா. அப்ப கல்யாண ஊட்டுக்காரங்களோட அக்கப்போரு உங்களுக்குத் தெரியாது. காலைல போன் பண்ணி லட்டும்பாங்க, மத்தியானம் மைசூர்பாகும்பாங்க, பொழுதோட ரெண்டும் வேண்டாம், தேங்கா பர்பி போடுங்கம்பாங்க. நாங்க மூணையும் பண்ணி வெச்சுட்டு முழிப்போம். அதனால முதலாளி கோயமுத்தூர்ல பானுன்னு ஒரு புள்ளயப் புடிச்சு ஒரு ஏற்பாடு பண்ணுனாரு. எந்தக் கல்யாணத்துக்கு என்னென்ன பதார்த்தம், எத்தன பேருக்குன்னு எல்லாமே க்ளவுடுல ஒரு சர்வர்ல இருக்கும். கல்யாண ஊட்டுக்காரங்க அவங்க ஊட்டுல ஒக்காந்துட்டே மாத்திக்கலாம். அங்க மாத்துனா, இங்க சமையக்கட்டுல மாட்டியிருக்கற டிவில தெரியும். மாஸ்டர் அதப் பாத்து சமைப்பாரு.

பானு என்னைய ஒக்கார வெச்சுப் பொறுமையாத்தான் சொல்லிக் குடுத்துச்சு. 'அண்ணா, ஒவ்வொரு ஊட்டு இன்டர்நெட்டுக்கும் ஒரு நம்பர் இருக்கும். இந்த செட்டிங்ல நீங்க எந்த நம்பர எழுதறீங்களோ அவங்க மட்டும்தான் உள்ள வர முடியும். நம்ம ஆபீசு, மண்டபத்து சமையக்கட்டு, அந்தந்தக் கல்யாண ஊடு. அவ்வளவு போதும். வேற ஆரையும் எழுதாதீங்க'ன்னுச்சு. பாஸ்வேர்டும் வலுவா வெக்கச் சொல்லுச்சு. வெச்சுட்டேன். சாப்பாடுன்னு இங்கிலீசுல. எல்லாருக்கும் அது ஒண்ணுதான். ஆரும் மறக்கவே மாட்டாங்க. நீங்களும் மறக்க மாட்டீங்க பாருங்க.

இப்ப ஒருத்தரோட நம்பர எழுதறதுன்னா, சும்மா போன்ல கேட்டு எழுதீற முடியுங்களா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுங்கள்ல. மொதல் கல்யாணத்துக்கு நான் தட்டுல வெத்தல பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் வெச்சு, நேராவே மாப்பள ஊட்டுக்குப் போயிட்டேன். 'உங்க நம்பரு குடுங்க, நம்ம சர்வர்ல எழுதிக்கறோம். நீங்க குடும்பத்தோட உள்ள வந்து மெனுவப் பாத்து நடத்திக் குடுக்கோணும்'னு முறையாக் கேட்டேன். அவங்களுக்கு அவ்வளவு சந்தோசம். காப்பி குடுத்தாங்க. மோடத்துக்கு ஒரு பொட்டு வெச்சுட்டு வந்தேன்.

அடுத்த நாளே ஆரம்பிச்சுருச்சுங்க. மாப்பளையோட பெரியப்பாரு போன் பண்றாரு. 'ஏனுங்க, தம்பி ஊட்டு நம்பர எழுதீருக்கறீங்க. நாங்க வேண்டாதவங்களா?' சரின்னு அவருக்கும் தட்டு எடுத்துட்டுப் போனேன். அவரு ஊட்டுக்குப் போயிட்டு எதுத்த ஊட்டுல இருக்கற அத்தைகாரிய உட முடியுங்களா? அங்கயும் போனேன். அப்பறம் அத்தையோட சம்பந்தி. அப்பறம் துபாய்ல இருக்கற பையனோட மாமா. அவருக்குத் தட்டு அனுப்ப முடியல, வீடியோல காமிச்சேன். செட்டிங் பக்கம் முழுக்க நம்பரா நெறஞ்சுபோச்சு.

சரி, அத்தோட முடிஞ்சுதான்னா, இல்ல. மோடத்த அணைச்சுப் போட்டா அந்த நம்பரு மாறிருமாமுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அது தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. கரண்டு போயிட்டு வந்ததும் உள்ள போகப் பாத்தா கதவு தொறக்கல. உடனே போனு. 'எங்களை எதுக்கு எடுத்தீங்க? நாங்க என்ன தப்புப் பண்ணுனோம்?'னு ஒரு அம்மணி அழுதே போட்டாங்க. ஆரோ கோள் மூட்டித்தான் நான் அவங்க நம்பர அழிச்சுட்டேன்னு, எதுத்த ஊட்டுக்காரங்களோட பேச்சுவார்த்தைய நிறுத்திட்டாங்க. கரண்டுக்காரங்க ஒரு தெருவுல பீசப் புடுங்கிப் போட்டா எனக்கு ஒரு தெருவே பகையாச்சு.

நானும் மனுசந்தானுங்க. எத்தன நாளைக்குத் தட்டத் தூக்கீட்டு அலையறது? இன்டர்நெட்டுல தேடுனேன். அருமையா ஒரு வழி போட்டிருந்தான். சைபர், புள்ளி, சைபர், புள்ளி, சைபர், புள்ளி, சைபர், அப்பறம் ஒரு சாஞ்ச கோடு, மறுபடி ஒரு சைபர். இத எழுதீட்டா ஒலகத்துல இருக்கற அத்தன நம்பரும் அதுல அடக்கம். ஒரே வரி. எழுதி அமுக்குனதும் செவப்பா ஒரு எச்சரிக்கை வந்துச்சு, 'இதனால் ஒலகத்துல ஆரு வேணும்னாலும் உள்ள வரலாம், பரவாயில்லையா?'ன்னு. அதுக்குத்தானே எழுதறேன், ஆமான்னு அமுக்கீட்டேன்.

அதுக்கப்பறம் ஒரு போன் வரலீங்க தம்பி. ஒருத்தர் கோவிச்சுக்கல. ஒலகம் பூராவையும் கூப்புட்டாச்சு, இனி ஆரு குத்தம் சொல்லப் போறாங்க. ஏனுங்க, மொகம் ஒரு மாதிரி ஆகுது? பஸ்ஸுல போனா ஆகாதுங்களா? ஜன்னலத் தொறந்துக்குங்க.

இப்பத்தான் மச்சான் கதைக்கு வர்றேன். என்ற அக்கா சரசாளைக் கட்டுனவரு. பேரு சிவன்மலை. கரட்டூர்ல தென்னந்தோப்பு, தேங்காக் களம் எல்லாம் இருக்குது. அந்த ஊரு கரட்டு மலைக்கு அடியில இருக்கறதால செல்போனுக்கு டவர் எடுக்காது. எல்லாமே ஊட்டு லைன்தான். களத்துல தேங்கா திருட்டுப் போகுதுன்னு கேமரா போட்டிருக்கறாரு, அதுக்காக அந்த லைனுக்கு மட்டும் மாறாத நம்பரா வாங்கி வெச்சிருக்கறாரு. இத ஞாவகம் வெச்சுக்குங்க, பின்னால வருது.

அவரோட ஒரே பொண்ணு பூரணிக்கு இந்த ஆவணில கல்யாணம். சமையல நம்ம கம்பெனிக்கே குடுத்துட்டாரு. அந்த மரியாதைய நான் இல்லைங்கல. பத்திரிகை அடிச்சதும் மொதல் பத்திரிகைய எடுத்துட்டு அக்காளும் மச்சானும் நேரா எங்க ஊட்டுக்குத்தான் வந்தாங்க. அதையும் இல்லைங்கல. அவங்க போனதுக்கப்பறம் பிரிச்சுப் பாத்தேன். நாலு பக்கம். மாப்பள ஊட்டு வகையில எல்லார் பேரும் இருக்குது. மச்சானோட பங்காளிக பேரு இருக்குது. தோப்புக்கு மருந்தடிக்கறவரு பேரு இருக்குது. தாய்மாமன்னு ஒரு வரி இல்லீங்க.

கண்ணாடியப் போட்டுப் பாத்தேன், கழட்டிப் பாத்தேன். இல்ல. பொண்ணு நெத்தில பட்டம் கட்ட தாய்மாமன் வேணும். தட்டுத் தட்டாச் சீர் கொண்டார தாய்மாமன் வேணும். பத்திரிகையில மட்டும் வேண்டாமுங்களா? போன் பண்ணிக் கேட்டேன். 'அட ஆமா மாப்ள, விட்டுப் போச்சு'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. விட்டுப் போச்சாம். மருந்தடிக்கறவரு விட்டுப் போகலையே.

எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. சண்டை போடலாம்னா அக்கா மொகத்தப் பாக்கோணும். கல்யாணத்துக்குப் போகாம இருந்தரலாம்னா அந்தப் புள்ள பூரணி என்ன பாவம் பண்ணுச்சு, என்ற தோள்ல வளந்த புள்ள. அப்பத்தான் எனக்கு செட்டிங் ஞாவகம் வந்துச்சு. இன்னார உடுன்னு எழுதற மாதிரியே, இன்னார உடாதேன்னும் எழுதலாமுங்க. அத எல்லாத்துக்கும் மேல எழுதீட்டா, கீழ எத்தன சைபர் இருந்தாலும் அது செல்லாது. மச்சானோட நம்பர்தான் மாறாத நம்பராச்சே. எழுதீட்டேன். அவரு விட்டுட்டாரு, நானும் விட்டுட்டேன்.

நெலம என்னன்னா தம்பி, ஒலகத்துல ஆரு வேணும்னாலும் எங்க சர்வருக்குள்ள வரலாம். என்ற மச்சான் மட்டும் வர முடியாது.

ரெண்டு நாள்ல போன் வந்துச்சு. 'மாப்ள, அந்த மெனுவுக்குள்ள போகவே மாட்டேங்குது.' 'அப்படிங்களா மச்சான், சர்வர்ல வேலை நடக்குது, நாளைக்குப் பாருங்க'ன்னேன். அடுத்த நாளும் பண்ணுனாரு. அதுக்கடுத்த நாளும். 'என்ன எழுதோணும்னு சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்'னு சொன்னேன், சொல்லாம இருக்கலீங்க. அதுக்கு அவரு, 'இல்ல மாப்ள, ஒரே ஒரு பதார்த்தம்தான், பூரணிக்கு. என்ற கையாலயே எழுதோணும்னு ஆசை. அவளுக்குத் தெரியாம எழுதி வெக்கோணும்'னாரு. சரி, ஆசைப்பட்டுட்டே இருங்கன்னு நானும் உட்டுட்டேன்.

இதுக்கு நடுவுல நான் ஒண்ணைக் கவனிக்கல. ஒலகம் பூரா உள்ள வந்துட்டிருந்துச்சு.

மாப்பள ஊட்டு ஒறம்பரைக, சொந்தபந்தம் அத்தன பேருக்கும் பாஸ்வேர்டு தெரியும். ஒவ்வொருத்தரும் பூரணி கல்யாண மெனுவுக்குள்ள வந்து அவங்கவங்க ஒடம்புக்கும் நாக்குக்கும் தகுந்த மாதிரி எழுத ஆரம்பிச்சுட்டாங்க. சக்கரை வியாதிக்காரர் ஒருத்தர் பாயாசத்துல சக்கரையக் கொறைச்சாரு. அவரு சம்சாரம் வந்து அதத் திரும்பச் சேத்தாங்க. பல்லு கட்டாத தாத்தா ஒருத்தர் வடைக்குப் பக்கத்துல 'ஊற வைக்கவும்'னு எழுதினாரு. பூண்டு ரசம் ஒருத்தர், கொள்ளு ரசம் ஒருத்தர், ரசமே வேண்டாம்னு ஒருத்தர். பழைய கல்யாணத்துல நான் கூப்புட்ட அந்தத் துபாய் மாமா இருக்கறாருல்லங்க, அவருக்கும் இந்தக் கல்யாணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. அவரு வந்து 'எல்லாம் நன்றாக இருக்கிறது, ஊறுகாய் மட்டும் போதாது'ன்னு எழுதீட்டுப் போயிருக்கறாரு. ஊறுகாய் ஏழு வகை ஆச்சு.

அப்பறம் ஆருன்னே தெரியாத ஒண்ணு வந்துச்சுங்க. பானு பின்னால சொல்லித்தான் தெரியும், எந்தத் தேசத்துலயோ இருந்து தானா ஓடற புரோகிராமாம். தொறந்து கெடக்கற சர்வர்ல எல்லாம் லேசான பாஸ்வேர்டாப் போட்டுப் பாத்து, பூந்து எழுத முடியுதான்னு பாக்குமாம். அது வந்து மெனுவுல 'டெஸ்ட்'னு எழுதி, பக்கத்துல ஆயிரம் பேருக்குன்னும் போட்டுட்டுப் போயிருச்சு.

கல்யாணம் ஆனைமலை மண்டபத்துல. எங்க மாஸ்டர் முத்துராக்கு இருக்கறாருல்ல, அவரு டிவில இருக்கறத இருக்கற மாதிரி சமைக்கறவரு. தனக்கு ஒரு பதார்த்தம் தெரியாதுன்னு வாயத் தொறந்து சொல்லவே மாட்டாரு. டெஸ்ட்டுன்னா வடக்கத்திப் பலகாரம்னு அவராவே முடிவு பண்ணி, ரவையும் தேங்காயும் முந்திரியும் போட்டுக் கிண்டி, பச்சைக் கலர் கலந்து, வில்லை வில்லையாப் போட்டு வெச்சுட்டாரு. ரெண்டு ரசம், ஏழு ஊறுகாய், ஊறின வடை, ஊறாத வடை, டெஸ்ட். ஒரு எலையில எடம் பத்தல. ஆளுக்கு ரெண்டு எலையச் சேத்துப் போட்டோம். ஒறம்பரைக இது ஏதோ புது மாதிரிப் பந்தின்னு போட்டோ எடுக்கறாங்க. டெஸ்ட்ட மறுக்கா கேட்டு வாங்கித் திங்கறாங்க. 'டெஸ்ட் இன்னொண்ணு வைங்க'ன்னு அந்தச் சக்கரை வியாதிக்காரரே கேட்டாரு.

நான் பந்தி வரிசையில நடந்து வர்றேன். நாதஸ்வரக்காரர் ஒரு பத்திரிகைய எடுத்து விசிறீட்டு ஒக்காந்திருக்கறாரு. அதுல என்னமோ ஒட்டுன மாதிரி தெரிஞ்சுது. குடுங்கன்னு வாங்கிப் பாத்தேன். மொதல் பக்கத்துல ஒரு சீட்டு. 'தாய்மாமன்: நாச்சிமுத்து, பொள்ளாச்சி.' வரவேற்புல இருந்த மிச்சப் பத்திரிகையவெல்லாம் போயிப் பாத்தேன். எல்லாத்துலயும் ஒட்டியிருக்குது.

அக்கா அந்தப் பக்கமா வந்துச்சு. 'அச்சாபீஸ்ல விட்டுட்டாங்கடா. ஒனக்குக் குடுத்ததுக்கப்பறம்தான் பாத்தோம். உங்க மச்சான் எல்லாத்துலயும் அவரே ஒக்காந்து ஒட்டுனாரு. என்னையக் கூடத் தொட உடல'ன்னுச்சு. சீட்டெல்லாம் கோணல் மாணலா இருந்துச்சுங்க. ஒண்ணு இக்கட்டால சாஞ்சிருக்குது, ஒண்ணு அக்கட்டால. பசை வெளிய கசிஞ்சு கெடக்குது. அவருக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் வராது. எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. காலைல இட்லி சாப்புடாததால இருக்கும்.

ஓரமாப் போயி செல்போன எடுத்து செட்டிங்கத் தொறந்தேன். மச்சான் நம்பர் மேல போட்டிருந்த தடைய அழிச்சேன். மச்சான் மேடைக்குப் பக்கத்துல தூணோட தூணா நின்னுட்டிருந்தாரு. போயி, 'மச்சான், சர்வர் சரியாயிருச்சுங்க'ன்னேன். அவரு பந்தியப் பாத்தாரு. 'சாப்பாடு ஆரம்பிச்சாச்சே மாப்ள'ன்னாரு.

'என்ன பதார்த்தங்க மச்சான், சொல்லுங்க.' 'கச்சாயம். சின்னதுல இருந்தே அவ அதுக்குத்தானே அழுவா.' நான் சமையக்கட்டுக்கு ஓடுனேன். மாஸ்டர் சிரிக்கறாரு. 'அரிசி ஊறோணும், இடிக்கோணும், பாகு காய்ச்சோணும். மெனுவுல இருந்திருந்தா செஞ்சிருக்க மாட்டனா?' திரும்பி வந்து மச்சான் பக்கத்துல நின்னேன். அவராவே சொன்னாரு. 'ஆராரோ வந்து என்னென்னமோ எழுதீட்டுப் போயிருக்கறாங்க மாப்ள. ஊருல ஒருத்தர் பாக்கியில்ல. பொண்ணப் பெத்தவன், என்னால ஒரு வரி எழுத முடியல.' கோவமாக் கூடச் சொல்லலீங்க. கோவமாச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அப்பறம் பட்டம் கட்டக் கூப்புட்டாங்க. கட்டுனேன். பூரணி நிமிந்து பாத்து, 'மாமா, பச்சையா ஒண்ணு போட்டீங்களாமே, எனக்கும் எடுத்து வைங்க'ன்னுச்சு. அந்தப் புள்ளைக்கு எதுவும் தெரியாது. அப்பங்காரர் என்ன நெனச்சாருன்னும் தெரியாது. நான் கண்ணத் தொடச்சுட்டுக் கீழ எறங்குனேன். ஓமப் பொகை ஆகறதில்ல எனக்கு.

கல்யாணம் முடிஞ்சு மறுநாள் பானு வந்துச்சு. செட்டிங்கத் தொறந்து பாத்துட்டு, நெத்தியில கைய வெச்சுட்டு ஒக்காந்துருச்சு. அதுக்கு அப்ப ஒம்பதாம் மாசம், நான் பயந்து போயி தண்ணி எடுத்துக் குடுத்தேன். 'வலி இல்லீங்கண்ணா, இந்த சைபரப் பாத்துத்தான்'னுச்சு. 'எவனாச்சும் உள்ள வந்து எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போயிருந்தா நாளைக்கு எந்த மண்டபத்துல என்ன சமைக்கறதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? பாஸ்வேர்ட இன்னைக்கே மாத்துங்க. மொதல்ல ஒலகத்தையே வெளிய தள்ளுங்க. அப்பறம் ஆரு வேணுமோ அவங்கள மட்டும் யோசிச்சு யோசிச்சு உள்ள உடுங்க. அந்த டிவி தானா ஓடும், அதத் தொடாதீங்க'ன்னு சொல்லீட்டு அது பிரசவத்துக்குப் போயிருச்சு. பொண்ணு பொறந்திருக்குது. நல்லா இருக்குது.

பாஸ்வேர்ட அன்னைக்கே மாத்தீட்டேன். சாப்பாடுக்கு அப்பறம் ஒண்ணுன்னு ஒரு நம்பரு சேத்துட்டேன்.

பாதுகாப்புன்னு வந்துட்டா நான் வேற ஆளுங்க. ஒலகத்த வெளிய தள்ளுனேன். பழைய நம்பர் அத்தனையும் அழிச்சேன், நான் தட்டோட போயி வாங்குன நம்பரெல்லாம். பக்கம் காலி. இனி ஆரு வேணுமோ அவங்கன்னு யோசிச்சேன். எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பரு ஒண்ணே ஒண்ணுதானுங்க. தடுக்கறதுக்காக எழுதி எழுதிப் பாத்து, மனசுலயே நின்னுபோச்சு. அத எழுதி, உள்ள வரலாம்னு அமுக்கீட்டேன்.

இப்ப எங்க சர்வருக்குள்ள ஒலகத்துல ஒருத்தர்தான் போக முடியும். கரட்டூர் சிவன்மலை. எங்க ஆபீஸ்ல இருந்து நான் போக முடியாது. முதலாளி போக முடியாது. கல்யாண ஊட்டுக்காரங்க பழையபடி எனக்குப் போன்ல சொல்றாங்க. நான் சாய்ங்காலம் வேலை முடிஞ்சு இந்த பஸ் ஏறி மச்சான் ஊட்டுக்குப் போயி, அவரு கம்ப்யூட்டர்ல ஒக்காந்து எழுதீட்டு வர்றேன். முதலாளிக்கு நெம்பப் பெருமை. 'எங்க மெனுவப் பாக்கோணும்னா எங்காளே பஸ் ஏறி மலையடிவாரத்துக்குப் போகோணும், அவ்வளவு பாதுகாப்பு'ன்னு பார்ட்டிகள்ட்டச் சொல்றாரு. அதக் கேட்டே ரெண்டு ஆர்டர் வந்திருக்குது.

மச்சான் ஒண்ணும் கேக்க மாட்டாரு. நான் போனதும் கம்ப்யூட்டருக்கு முன்னால நாற்காலியத் தொடச்சுப் போடுவாரு. 'இன்னும் சரியாகலயா மாப்ள?'ம்பாரு. 'இல்லீங்க மச்சான், பாதுகாப்பு'ம்பேன். 'அதுஞ்செரி, காப்பியக் குடி'ம்பாரு. பொண்ணு போயிட்டதுக்கப்பறம் அந்த ஊடு கொஞ்சம் வெறிச்சுன்னுதான் கெடக்குது. அக்காளும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டு ஒக்காந்திருக்காங்க. நான் போனா டிவியப் போடுவாங்க.

போன வாரம் இடி உழுந்து களத்துக் கேமரா எல்லாம் போயிருச்சு. கேமராக்காரர் வந்து, இனி இந்த மாறாத நம்பரு எதுக்கு, லைனச் சாதாரணமா மாத்திரலாமேன்னு கேட்டிருக்கறாரு. மச்சான் வேண்டாம்னுட்டாரு. 'கேமரா கெடக்குது உடு. நம்பரு மாறிட்டா என்ற மாப்ள எப்படி உள்ள வருவான்?'னு கேட்டாராம். அக்காதான் சொல்லுச்சு. எனக்கு ஆச்சரியமாப் போச்சுங்க. மச்சானுக்கு இந்த விவரமெல்லாம் எப்படித் தெரியும்? தடுத்தது தெரியாது, நான் சொன்னதே இல்ல. கேமராக்காரர் ஏதாச்சும் பேசியிருப்பாரு.

இந்தப் போசிலீங்களா? கச்சாயம். மாஸ்டர்கிட்ட நேத்தே சொல்லி அரிசி ஊற வெச்சாச்சு. இன்னைக்குப் பூரணி மாப்பளையோட வருது. மெனுவுல எழுதல, நேராவே எடுத்துட்டுப் போறேன். உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. எண்ணெக் கையோட பையத் தொட்டுறாதீங்க, கம்ப்யூட்டர்ல பட்டுரும்.

என்னங்க சொல்றீங்க? அந்த செட்டிங் பக்கத்த எங்க இருந்து வேணும்னாலும் தொறக்கலாம்னா? ஆமாங்க, மண்டபத்துல நான் செல்லுலதானே தொறந்தேன். அதுல எங்க ஆபீஸ் நம்பர ஒரு வரி எழுதீட்டா நான் இனி கரட்டூருக்கே போக வேண்டியதில்லையா? ரெண்டு நிமிச வேலையா? நீங்களே இப்பப் பண்ணித் தர்றீங்களா?

ஆனைமலை வந்துருச்சு பாருங்க. பைய மறந்துறாதீங்க. இல்லீங்க தம்பி, அதெல்லாம் வேண்டாம். செல்ல உள்ள வெச்சுக்கறேன். வேற எதுக்குமில்ல, பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குதில்லைங்க.